சொர்க்கம் இருக்கா சார்? துக்க வீட்டுக் கூடாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால் சிவபுராணம் பாட என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஓதுவாரும் இல்லை, பண்டாரமும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் பாடம் சொல்லிவிட்டு ஓய்வு பெற்றவன், குரல் கொஞ்சம் கனமாக இருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்துவிடுவேன், தகுதி இவ்வளவுதான். பாடி முடித்ததும் கூடாரத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பால் இல்லாத காப்பியான ஒரு கோப்பி-ஓவும் கிடைக்கும். அப்புறம் வண்டி வரும்வரை கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

சாவு வீட்டில் இதையெல்லாம் கேட்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். சிவபுராணமே கடைசியில் ‘சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்’தான் சிவபுரம் போவார்கள் என்கிறது. பொருள் தெரியாமல் ராகம் மட்டும் போட்டால் டிக்கெட் கிடையாது.

சொர்க்கம் இருக்கா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் இல்லை நான். ஆனால் இந்தக் கேள்விக்கு நம் புலவர்கள் ரெண்டாயிரம் வருஷமாக ஒரு வேடிக்கையான பதிலைச் சொல்லி வருகிறார்கள். ‘இருந்துட்டுப் போகட்டும், அதைவிட இது மேல்’ என்பதுதான் அந்தப் பதில். ‘இது’ என்ன என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தருக்குப் பசித்தவனுக்குப் போடும் சோறு, ஒருத்தருக்கு மழை, ஒருத்தருக்கு மலைச்சுனையில் ஒரு மீன், இன்னொருத்தருக்குக் காதலியின் தோள். கடைசியாகச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள், திருவள்ளுவர்தான். ‘தாம்வீழ்வார் மென்றோள் துயிலின் இனிதுகொல் தாமரைக் கண்ணான் உலகு’ என்று காமத்துப்பாலில் கேட்கிறார். பிரியமானவள் தோளில் தூங்குவதைவிடவா அந்தத் தாமரைக்கண்ணன் உலகம் இனிக்கப்போகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளை நான் நடத்தியதில்லை, தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசியிருப்பார்.

அப்போ வள்ளுவருக்கு நம்பிக்கை இல்லைங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. ‘வானுறையும் தெய்வத்துள் வைக்கப்படும்’ என்றும் அவரேதான் சொல்கிறார், ஆனால் அது ‘வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவ’னுக்கு. அதாவது இங்கே ஒழுங்காக இரு, அப்புறம் பார்க்கலாம். இன்னொரு இடத்தில் ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ என்று ஒரே போடாகப் போடுகிறார். மேலுலகமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கொடுப்பது நல்லது. நம்புகிறவனும் நம்பாதவனும் அந்த ஒரு வரியில் சேர்ந்து உட்காரலாம்.

சங்க காலத்து ஆளுங்க என்ன நம்பினாங்க?

ஒரே மாதிரி நம்பவில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். வீரனுக்கு ஒரு சொர்க்கம் உண்டு, போரில் காயம்பட்டுச் செத்தால் அங்கே போகலாம். நோயில் படுத்துச் செத்த அரசன் என்ன செய்வான்? அவனைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, உடம்பை வாளால் கீறி, வீரர் போன இடத்துக்கு நீயும் போ என்று அடக்கம் செய்வார்களாம். ஔவையார் அதியமானைப் பாடும் 93ஆம் புறநானூற்றுப் பாட்டில் இது வருகிறது. செத்த பிறகு ஒரு வெட்டு, அதுவும் மரியாதைக்கு.

இன்னொரு பக்கம் ஆய் என்ற வள்ளலைப் பாடிய முடமோசியார். ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்’ என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற ‘அறவிலை வணிகன்’ இல்லை எங்கள் ஆய் என்கிறார். அறத்தை விற்கிற வியாபாரி! கோயில் சுவரில் குழல்விளக்கு மாட்டி அதன் மேலேயே தன் பெயரை எழுதிவைக்கிற புண்ணியவான்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வரும். (நம் ஊரைச் சொல்லவில்லை. சரி, நம் ஊரையும்தான்.)

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது கோப்பெருஞ்சோழன். பெற்ற பிள்ளைகளே எதிர்த்து நின்றதும் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர்விட்ட மனிதர். சாகப்போகிற நேரத்தில் அவர் பாடியது 214ஆம் பாட்டு. யானை வேட்டைக்குப் போனவன் யானையோடும் வரலாம், காடை வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடும் வரலாம், அதனால் குறியைப் பெரிதாக வை என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் அடுக்குகிறார். நல்லது செய்தால் மேலுலக இன்பம் கிடைக்கலாம், அது இல்லையென்றால் மறுபடி பிறக்காமல் இருக்கலாம், அதுவும் இல்லையென்றாலும் இமயச் சிகரம் மாதிரிப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லாத உடம்போடு சாகலாமே. இருந்தால் இப்படி, இல்லையென்றால் அப்படி, எப்படியானாலும் நஷ்டமில்லை. பட்டினி கிடந்து சாகிற மனிதர் இவ்வளவு நிதானமாகக் கணக்குப் போடுகிறார், நாம் கருமக்கிரியைக்கு எத்தனை இலை போடுவது என்று கூடாரத்திலேயே சண்டை போடுகிறோம்.

சொர்க்கத்துல என்னதான் இருக்கும்?

அமுதம், கற்பக மரம், ஆடல் பாடல். ஆனால் புகழேந்தியின் நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரம் வரும் இடத்தைப் பாருங்கள், தேவர்களின் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. நளன் மேல் அவளுக்கு ஆசை என்று தெரிந்து நாலு தேவர்கள் நளன் உருவத்திலேயே வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஐந்தும் ஒரே முகம். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? ‘கண்ணிமைத்தலால், அடிகள் காசினியில் தோய்தலால், வண்ண மலர்மாலை வாடுதலால்’. தேவர்கள் கண் இமைக்க மாட்டார்கள், கால் தரையில் படாது, கழுத்தில் போட்ட மாலை வாடாது. யாருடைய கண் இமைத்ததோ, யார் காலில் மண் பட்டதோ, யார் மாலை வாடியதோ அவனுக்குத்தான் அவள் மாலையிட்டாள்.

இதை ஒரு தடவை எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். பன்னிரண்டு வயதில் ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய் ஐம்பத்தைந்து வயதுவரை வெட்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘கால் தரையில படலைன்னா அட்டை கடிக்காதே தம்பி’ என்றார்.

பக்திப் பாட்டெல்லாம் சொர்க்கத்துக்குப் போறதுக்குத்தானே பாடினாங்க?

போய்ப் படித்துப் பாருங்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். தொண்டரடிப்பொடியாழ்வார் ‘இச்சுவை தவிர யான்போய் இந்திர லோகம் ஆளும் அச்சுவை பெறினும் வேண்டேன்’ என்கிறார், ‘இச்சுவை’ என்றால் அரங்கனின் பெயரைச் சொல்கிற ருசி. குலசேகர ஆழ்வார் ராஜா வீட்டுப் பிள்ளை, வானாளும் செல்வமும் வேண்டாம், மண்ணரசும் வேண்டாம், திருவேங்கடச் சுனையில் ஒரு மீனாகப் பிறந்தால் போதும் என்கிறார். அப்பர் இன்னும் ஒரு படி மேலே போய், தில்லைக் கூத்தனின் எடுத்த பொற்பாதத்தைக் காணக் கிடைத்தால் ‘மனித்தப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே’ என்று, எல்லோரும் விட்டால் போதும் என்கிற பிறவியையே கேட்டு வாங்குகிறார்.

மோட்சமும் சொர்க்கமும் ஒண்ணா?

இல்லை. சொர்க்கம் என்பது சேர்த்துவைத்த புண்ணியத்துக்குக் கிடைக்கிற லீவு மாதிரி, புண்ணியம் தீர்ந்ததும் திரும்ப வேலைக்கு வரவேண்டும். மோட்சம் என்றால் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவது. பேச்சில் ரெண்டையும் கலந்துதான் சொல்கிறோம், பரவாயில்லை.

வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் வழியா போனா நேரா மோட்சமா?

போங்கள். கூட்டத்தில் வயசானவர்களை இடிக்காமல் போங்கள்.

எஸ்டேட்டுல இருந்த நம்ம பெரியவங்க இதையெல்லாம் படிச்சாங்களா என்ன?

படித்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் வைத்துக் கும்பிட்ட சாமிகளைப் பாருங்கள். மாரியம்மன், முனியாண்டி, மதுரை வீரன். முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பார்கள், சாராயம் வைப்பார்கள், சேவல் அறுப்பார்கள். கேட்பது என்ன? பாம்பு கடிக்கக் கூடாது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும், எஸ்டேட்டுக் கணக்கர் கிராணி பெயர் எழுதும்போது அரை நாள் போட்டுவிடக் கூடாது. முனியாண்டியிடம் யாராவது மோட்சம் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் எல்லைச்சாமி, அவர் எல்லை அந்த எஸ்டேட்டு வேலியோடு சரி. எங்கள் பக்கம் கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்த இடங்களில்கூடச் சிலர் அந்தக் கல்லை மட்டும் துணியில் சுற்றிக் கூடவே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொரு சங்கதி. குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. வான் என்றால் ஆகாயம், வான் என்றால் மேலுலகம், வான் என்றால் மழை, தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல். அந்த அதிகாரத்தின் முதல் குறளே மழையைத்தான் அமிழ்தம் என்கிறது. வயல்காட்டுக்காரனுக்கு அது சரி. பால் மரம் வெட்டுகிறவனுக்கு? பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டிய பிறகு மழை வந்தால் பால் பிடிக்கிற கிண்ணமான மங்கில் இருக்கிற பாலோடு தண்ணீர் கலந்து வழிந்து எல்லாம் போச்சு. விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் நாலு மணிக்கு எழுந்து, அஞ்சரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மழை வந்தால் அன்றைக்குக் கூலி போனது. தஞ்சாவூரில் வேண்டிக் கேட்ட மழையை இங்கே வேண்டாம் என்று கும்பிட்ட ஜனங்கள் நாம். இதைப் பற்றி யாராவது நல்ல கவிதை எழுதியிருக்க வேண்டும், என் கண்ணில் படவில்லை.

அப்புறம், பாட்டியின் அம்மாவை ஊரில் கங்காணி கப்பலேற்றியபோது மலாயாவே சொர்க்கம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தானாம். அந்த மாதிரி ஆள் பிடித்து அனுப்புவதை இந்திய அரசு 1938ல் நிறுத்தியது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களுக்குச் சொர்க்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பத்தடிக்குப் பத்தடி.

எதுக்கெடுத்தாலும் அன்னதானம் போடுறோமே, அது எங்கேயிருந்து வந்தது?

ஒரே இடத்திலிருந்து என்று சொல்ல முடியாது, ஆனால் சாத்தனார் மணிமேகலையில் சொல்லும் ஆபுத்திரன் கதை தெரியாமல் அன்னதான வரிசையில் நிற்காதீர்கள். ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருக்கிறது, எல்லோருக்கும் சோறு போடுகிறான். புண்ணியம் அதிகமாகி இந்திரனின் ஆசனமே சூடாகிவிடுகிறது. இந்திரன் கிழவன் வேஷத்தில் வந்து, உன் தானத்துக்குப் பலன் என்ன வேண்டும், கேள் என்கிறான். ஆபுத்திரன் இடுப்பு வலிக்கச் சிரிக்கிறான். உன் நாட்டில் செய்த வினையின் பலனை உட்கார்ந்து அனுபவிக்கிறவர்கள்தானே இருக்கிறார்கள், அறம் செய்கிறவர் உண்டா, பிறரைக் காப்பாற்றுகிறவர் உண்டா, தவம் செய்கிறவர் உண்டா, இது எதுவும் இல்லாத நாட்டுக்கு ராஜாவே, பசித்து வந்தவன் சாப்பிட்ட பிறகு அவன் முகத்தில் பார்க்கிற சந்தோஷத்தை என் பாத்திரம் எனக்குத் தருகிறது, நீ என்ன தரப்போகிறாய் என்று கேட்கிறான்.

இந்திரன் பழிவாங்கிய விதம்தான் அபாரம். இடி விழவைக்கவில்லை, நோய் அனுப்பவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த பாண்டிய நாட்டில் நல்ல மழை பெய்ய வைத்தான். விளைந்தது, பசி போனது, சாப்பிட ஆளில்லை. ஆபுத்திரன் பாத்திரத்தோடு ஊர் ஊராகப் போய் ‘சாப்பிட வாருங்கள்’ என்று கூப்பிட்டால் ஜனங்கள் சிரிக்கிறார்கள்.

தைப்பூசத்தில் பந்தலுக்குப் பந்தல் சோறும் மோரும் வைத்துக்கொண்டு, வயிறு நிறைந்து போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்து ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கண்ணே’ என்பார்களே, அங்கே நிற்கிறவர் ஆபுத்திரன்தான்.

பத்திரிகை அறிவிப்பில் ‘சிவபதம் அடைந்தார்’ போடுவதா, ‘காலமானார்’ போடுவதா?

எல்லாக் கேள்வியையும்விட அதிகமாக வருவது இதுதான், சண்டையும் இதில்தான். ஒருத்தர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது அந்த ஒரு வினைச்சொல்லில் தெரிந்துவிடும். சிவபதம் அடைந்தார், வைகுண்ட பதவி அடைந்தார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், இயற்கை எய்தினார். கடைசிச் சொல்லைப் போடுகிறவர் வீட்டில் பெரும்பாலும் பெரியார் படம் இருக்கும். அவர் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கி மலாயாவில் சுற்றிப் பேசினார், 1954லும் வந்தார். அந்தப் பேச்சின் மிச்சம் இன்னும் சில குடும்பங்களின் மரண அறிவிப்பில் இருக்கிறது. நல்ல தமிழ் அது, இயற்கையிலிருந்து வந்தவர் இயற்கைக்கே போனார்.

சில வருஷம் முன்னால் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவர் சைவம், நெற்றி நிறையத் திருநீறு. நடுவில் உள்ளவர் திராவிடர் கழகம். கடைசித் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு சபைக்குப் போகிறவர். அப்பா போய் ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, வாட்சாப்பில் அறிவிப்பு போக வேண்டும், அச்சுக்கடைப் பையன் கைப்பேசியை வைத்துக்கொண்டு நிற்கிறான். மூத்தவர் சிவபதம் என்கிறார், நடுவில் உள்ளவர் ‘அப்பா எப்ப கோயிலுக்குப் போனாரு’ என்கிறார், தங்கை அழுதுகொண்டே ‘பரலோகம்னு போடுங்கண்ணே’ என்கிறார். என்னைக் கேட்டார்கள். நான் ‘காலமானார்’ போடச் சொன்னேன். யோசித்துப் பாருங்கள், எங்கேயும் போகவில்லை, காலமாகவே ஆகிவிட்டார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பையன் தட்டச்சு செய்து அனுப்பினான், கீழே ஓம் போடலாமா என்று கேட்டதில் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

கிறிஸ்தவ நண்பர்கள், முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் இது வேற மாதிரியா?

நம்பிக்கை வேறு, தமிழ் ஒன்றுதான். முடமோசியார் சொன்ன ‘மறுமை’யைத்தான் தமிழ் முஸ்லிம்களும் சொல்கிறார்கள். கடவுள் இருக்கிற இடத்தைப் ‘பரமண்டலம்’ என்று பழைய கிறிஸ்தவ ஜெபம் சொல்கிறது, இப்போது பல சபைகளில் ‘விண்ணுலகம்’. இலக்கியத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் எழுதிய கதையைத் தழுவியது. அதில் மேலுலகம் நடந்தே போய்ச் சேரவேண்டிய நகரம், வழியெல்லாம் சோதனை. நம் புலவர்கள் வேண்டாம் என்று பேரம் பேசிய இடத்துக்கு அந்தக் கவிதையில் ஒருவன் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறான். ரெண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் ருசி.

உடம்பே கிடைக்காம போனவங்களுக்கு என்ன செய்யறது?

எங்கள் ஊரில் இது வெறும் கேள்வி இல்லை. 1942லும் 1943லும் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட எஸ்டேட்டுகளிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் தண்டவாளம். காலராவும் பட்டினியும் அடியும். பாட்டியின் அப்பா அதில் போனவர், திரும்பவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, எந்த நாள் என்றே தெரியாது. பாட்டி ஆடி அமாவாசையில் அவருக்கு இலை போடுவார். இலையில் சோறும், ஒரு குவளை கோப்பி-ஓவும், ரெண்டு ரொட்டியும், ஒரு பழைய பால் மங்கும் இருக்கும். மங்கு எதற்குப் பாட்டி என்று கேட்டேன். ‘அதைப் பார்த்தாத்தானே அப்பாவுக்கு நம்ம வீடுன்னு அடையாளம் தெரியும்’ என்றார். அவர் இருக்கிற இடம் சொர்க்கமா, வேறெதுவா என்ற பேச்சே அங்கே இல்லை, வழி தெரிந்து ஒரு வேளை சாப்பிட வந்துபோனால் சரி.

சிவபுராணத்துல ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ன்னு வருதே, அது கித்தா மரமா?

இதுவும் பாட்டியின் கேள்விதான், ஆனால் அதற்கப்புறம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. மாணிக்கவாசகர் காலத்தில் இங்கே கித்தா இல்லை பாட்டி, அது பிரேசிலிலிருந்து வந்த மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மலாயாவுக்கு வந்தது என்றேன். அவர் விடவில்லை. ‘நாப்பது வருஷத்துக்கு மேல வெட்டியிருக்கேன், என் நிரையில இருந்ததுல ஒண்ணு யாரோ பிறந்து வந்ததா இருந்தா?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதே பாட்டில் ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்று அடுத்து வருவதைச் சொன்னேன். ‘இளைத்தேன்னா?’ ‘களைச்சுப் போயிட்டேன்னு அர்த்தம், பாட்டி.’ ‘அது சரிதான்’ என்று எழுந்து உள்ளே போனார்.

எங்க பிள்ளைங்க இதெல்லாம் நம்பறதே இல்லை. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

நம்பச் சொல்லி நான் யாரையும் படிக்க வைத்ததில்லை. ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’ என்று கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திரனுடைய அமுதமே கிடைத்தாலும் இது இனிக்கிறது என்று தனியாக உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்கிறார். இந்திரனை நம்பாத பையனுக்கும் அது புரியும். என்னிடம் படித்த ஒருத்தன் கோலாலம்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறான், சாமி கும்பிடுவதில்லை. ஆனால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கினால் ரெண்டாக வாங்குவான், கூட யாருமே இல்லாதபோதும்.

சார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு என்ன வார்த்தை போடணும்?

அந்த அச்சுக்கடைப் பையன்தான் கேட்டான், கூச்சப்பட்டுக்கொண்டே. ‘காலமானார்’ போடு, படம் பழையதாகப் போடு என்றேன். மாலை வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குப் பத்து மணிக்கெல்லாம் வாடித் தொங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் தமயந்தி ஞாபகம் வந்தது. சரி, ஒரு ரோஜா மாலை போடச் சொல்லியிருக்கிறேன்.